தலையிடித்தால் சொல்லு

ஸ்கீவ,
ஆவணி மாதம்

என் அன்பு மகனுக்கு,

கொம்மா ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தவள். நீ ஒக்டோபரில் நேபாளம் போகிறாய், அன்னபூர்ணாவைச் சுற்றி நடக்கப் போகிறாய், தொரொங் லா கணவாயையும் கடக்கப் போகிறாய் என்று சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் கடைசியில் குரல் இறங்கிவிட்டது. அதைக் கேட்ட பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலிலேயே ஒன்று. போகாதே என்று நான் சொல்லவில்லை. ஆர்ஹூஸ் நகரில் நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருக்கிற பிள்ளை, உழைத்த காசில் மலை பார்க்கப் போகிறான். அதைத் தடுக்க எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. உனக்கு வயது வந்துவிட்டது, முடிவு உன்னுடையது. நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ யோசி.

நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலைக் கொம்மா எனக்கும் அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலும் கையுமாக இருந்து வாசித்தேன். கத்மண்டுவில் இறங்கி மூன்றாம் நாளே ஜீப்பில் சாமே. அது 2,700 மீட்டர். பிறகு பிசாங், மனாங். மனாங்கில் ஒரு நாள் ஓய்வு. பிறகு யாக் கர்கா, தொரொங் பேடி, விடியப்புறம் 5,416 மீட்டர் கணவாய், அன்று பின்னேரமே முக்திநாத். அடுத்த நாள் ஜொம்சொம்மிலிருந்து பொகராவுக்கு விமானம், அதற்கடுத்த நாள் இரவே டென்மார்க்குக்குத் திரும்புகிற விமானம். மனாங்கை விட்டால் சும்மா இருக்க ஒரு நாள் இல்லை. மழை பெய்தால், பனி விழுந்தால், காற்று அடித்து ஜொம்சொம் விமானம் நின்றால், உங்களில் ஒருவருக்கு வயிற்றால் போனால் என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. எனக்கு நெஞ்சு இடித்தது அந்தத் தாளைப் பார்த்துத்தான். மலையைப் பார்த்து அல்ல.

பெரிய மாமாவின் கதை உனக்குத் தெரியும். வீட்டில் சொல்கிற விதத்தில் தெரியும். வல்லிபுர ஆழ்வாரே கதி என்று கிடந்த மனுஷன், சாளக்கிராமத் தலமான முக்திநாத்தைக் கண்ணால் காணவேண்டும் என்று ஆயுள் முழுக்க ஆசைப்பட்டவர், அங்கே போய், நூற்றெட்டுத் தாரையிலும் தீர்த்தமாடி, பெருமாளின் காலடியிலேயே கண்ணை மூடினார், யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம். செத்த வீட்டில் வந்தவர் போனவர் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்திலும் இதுதான் இருக்கிறது. எங்கள் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் இதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டா. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அம்மா இல்லை. நீ அதே மலைக்குப் போகிறாய். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

யாத்திரைக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் என் அண்ணாவைக் காலையில் பொகராவில் விமானம் ஏற்றினார்கள். பொகரா 800 மீட்டர் சொச்சம். இருபது நிமிஷத்தில் ஜொம்சொம், அது 2,700க்கு மேலே. அங்கிருந்து ஜீப்பில் அன்றே முக்திநாத், கோயில் இருக்கிற இடம் ஏறத்தாழ 3,800 மீட்டர். இலங்கையின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். அறுபத்தெட்டு வயது மனுஷனை ஒரு பகலுக்குள் 3,000 மீட்டர் தூக்கிக்கொண்டுபோய் இறக்கி, ஐஸ் போன்ற தண்ணீருக்குக் கீழே நனையவிட்டார்கள். அன்றிரவே தலையிடி, சத்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தார்களாம். அடுத்த நாளும் ஏதோ பூசை இருக்கிறது என்று அங்கேயே தங்க வைத்தார்கள்.

அந்த இரண்டாம் நாள் யாரோ போனில் எடுத்த ஒரு வீடியோ எனக்கு வந்தது. நீயும் பார்த்திருப்பாய், எல்லாருக்கும் அனுப்பினார்கள். அண்ணா ஈர வேட்டியோடு கல்மதிலில் இருந்து சட்டை பூட்டுகிறார். திரும்பப் பார், கையை மட்டும் பார். விரல் பொத்தானைப் பிடிக்கிறது, ஓட்டைக்குக் கொண்டுபோகிறது, ஓட்டையைத் தாண்டிப் போய்விடுகிறது. திரும்பவும் கொண்டுவருகிறார், திரும்பவும் தாண்டுகிறது. பிறகு “என்ர செருப்பு எங்கே” என்று கேட்கிறார். செருப்பு காலில் கிடக்கிறது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் “ஐயா பரவசத்தில் இருக்கிறார்” என்று சொல்வதும் கேட்கும். முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள் நான். மூளையில் ஏதோ நடக்கும்போது கை அப்படித்தான் குறி தவறும். உயரத்தில் மூளை வீங்கும்போதும் அதுவேதான். அந்த நேரத்தில் ஒரு ஜீப்பில் ஏற்றி ஆயிரம் மீட்டர் கீழே இறக்கியிருந்தால் அண்ணா பிழைத்திருப்பார் என்று நான் நம்புகிறேன். ஒரு மணித்தியால ஓட்டம். இரவில் ஜீப் ஓடாது, விடியட்டும் பார்ப்போம் என்றார்களாம். விடியவில்லை அவருக்கு.

அதைப் பாக்கியம் என்று சொல்ல என் வாய் வராது. சாமி கூப்பிட்டது என்று சொல்லி, கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் எல்லாரும் கும்பிட்டுவிட்டார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அடுத்த வருஷமும் அதே கணக்கில் இன்னொரு கூட்டத்தைக் கொண்டுபோனார்கள். வயது போன தாய் தகப்பனைக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு கட்டி அனுப்பிவைக்கிறோம், புண்ணியம் என்று. ஒரு நாள் கூடுதலாக ஜொம்சொம்மில் படுக்க வைத்தால் என்ன குறைந்துவிடும்? அறை வாடகையும் மூன்று நேரச் சாப்பாடும்தானே. சரி, இதைத் தொடங்கினால் எனக்கு முடியாது. உன்னுடைய விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். மாமா கிழவர், நான் இளந்தாரி, அரை மரதன் ஓடுகிறவன். ராசா, உயரம் அதைப் பார்ப்பதில்லை. கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அரைவாசி. ஒரு மூச்சில் இங்கே கிடைக்கிற ஒட்சிசனில் பாதிதான் அங்கே கிடைக்கும். அதற்கு உடம்பு தன்னைத் தயார்படுத்த நாள் வேண்டும், கால்பலம் அதற்கு உதவாது. சொல்லப்போனால் நல்ல தேகபலம் உள்ள பெடியள்தான் வேகமாக ஏறி விழுகிறார்கள். நீ வளர்ந்த ஸ்கீவ, பியோர்டின் கரையில் கடலோடு ஒட்டிக் கிடக்கிற ஊர். இந்த நாட்டின் ஆக உயர்ந்த நிலமான மொல்லஹொய் 171 மீட்டர்கூட இல்லை. உன் உடம்புக்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது. இங்கே மாரியில் தோசைமாவைக் கரைத்து வைத்துவிட்டு எத்தனை தரம் மூடியைத் திறந்து பார்த்தாலும் அது தன் நேரத்துக்குத்தான் பொங்கும். இரத்தமும் அப்படித்தான்.

3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, இன்று படுக்கிற இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருக்கால் அதே இடத்தில் இரண்டாம் இரவும் படுக்க வேண்டும். பகலில் உயர ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து படுப்பதில் பிழையில்லை, அது நல்லது. மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1973இல் தொடங்கிய சங்கம் அது. நடைக்காலத்தில் பின்னேரங்களில் வைத்தியர்கள் உயர நோயைப் பற்றி வகுப்பு எடுப்பார்கள். களைப்பாக இருக்கிறது, அப்பிள் பை சாப்பிடப் போகிறோம் என்று கூட வருகிறவர்கள் சொல்லுவார்கள். நீ வகுப்புக்குப் போ. கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டு வா, எனக்கும் காட்டு.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வியாதி இருக்கிறது. நோவைச் சொல்லமாட்டோம். உன் தாத்தா குடல் வெடித்துக் கிடந்தபோதும் “சும்மா வாயுவடி” என்றார். அண்ணா சத்தி எடுத்த இரவில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவருக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை, மற்றவர்களின் யாத்திரை கெட்டுவிடுமாம். நீ ஏழாம் வகுப்பில் மணிக்கட்டு வெடித்த கையோடு இரண்டாம் பாதி முழுக்கப் பந்து விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்து, கறிக்கிண்ணத்தைத் தூக்க முடியாமல் போனபோதுதான் கொம்மா கண்டாள். பயிற்சியாளர் உன்னைப் புகழ்ந்தாராம், எவ்வளவு தாங்குகிற பிள்ளை என்று. எனக்கு அன்றைக்கே வயிறு பற்றி எரிந்தது. தாங்குகிற பிள்ளை என்று பேர் எடுத்த ஆட்கள்தான் எங்கள் வீட்டில் முதலில் போயிருக்கிறார்கள்.

கூட்டமாக நடக்கும்போது இது இன்னும் கஷ்டம். பத்துப் பேர் காசு கட்டி வந்திருப்பார்கள். உனக்கு ஒருவனுக்குத் தலையிடி என்றால் மற்றவர்களின் முகம் மாறும். அதற்குப் பயந்து நீ சிரித்துக்கொண்டு நடப்பாய். நடக்காதே. தலையிடித்தால் உடனே வழிகாட்டியிடம் சொல்லு. சாப்பாடு வேண்டாமென்று தோன்றினால் அதையும் சொல்லு, உனக்கு ஒருநாளும் சாப்பாடு வேண்டாமென்று தோன்றாது, அதனால் அது பெரிய அறிகுறி. தலையிடியோடு மேலே ஏறவே கூடாது. இருந்த இடத்தில் இரு, குறையவில்லையென்றால் இறங்கு. குதிக்காலை மற்றக் காலின் பெருவிரலோடு முட்ட வைத்து, நேர்கோட்டில் பத்து அடி நடந்து பார். தள்ளாடினால், அல்லது சும்மா இருக்கும்போதே மூச்சு இழுத்தால், நுரையாக இருமல் வந்தால், இரவோ பகலோ, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு அந்த நிமிஷமே இறங்க வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி ஒன்று கொண்டுபோகிறாயாம். கொண்டுபோ. ஆனால் அதன் இலக்கத்தை மட்டும் நம்பாதே. முதியோர் இல்லத்தில் அது 85 காட்டினால் நாங்கள் வைத்தியருக்கு ஓடுவோம், அங்கே அதோடு எல்லாரும் சிரித்துக் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். ஆளைப் பார்க்க வேண்டும்.

டயமொக்ஸ் குளிசையைப் பற்றி மருந்துக்கடையில் கேட்காதே, உன் வைத்தியரிடம் போ. சின்னனில் உனக்குச் சல்பா மருந்து கொடுத்து உடம்பெல்லாம் தடித்தது. கொம்மா மறந்திருப்பாள், நான் மறக்கவில்லை. அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நித்திரைக் குளிசை வேண்டவே வேண்டாம், அங்கே நித்திரை வராமல் போவது இயல்பு. சாராயம், பியர் எல்லாம் இறங்கி வந்த பிறகு.

இன்னொன்று. எங்கள் ஆட்களுக்கு ஒக்டோபர் என்றால் என்ன நினைவு வரும்? வங்காள விரிகுடா கொந்தளிக்கத் தொடங்குகிற மாதம். அங்கே அதுதான் வானம் தெளிந்த நல்ல மாதம் என்று சொல்லுவார்கள், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் 2014 ஒக்டோபர் 12இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை ஏறி, அதன் மிச்சம் வடக்கே போய், 14ஆம் திகதி தொரொங் லாவில் பனியாகக் கொட்டியது. குறைந்தது 43 பேர் செத்தார்கள். சுற்றுலாக்காரர் மட்டுமல்ல, சுமைகாரர், வழிகாட்டிகள், யாக் மேய்த்தவர்களும். கடலில் பிறந்த புயல் எத்தனை தூரம் போகும் பார். உச்சியில் இருந்த சின்னத் தேநீர்க் குடிலுக்குள் கொஞ்சப் பேர் நெருக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். இறங்கிவிடலாம் என்று வெண்மைக்குள் வெளிக்கிட்டவர்களில் பலர் வழி தவறிப் போனார்கள். ஆகவே நீ மனாங்கில் இருக்கும்போது நேபாளத்து வானிலையை மட்டும் பார்க்காதே, எங்கள் விரிகுடாவையும் பார். புயல் என்று செய்தி வந்தால் மேலே போக வேண்டாம். விமானச்சீட்டு வீணாய்ப் போகட்டும், நான் காசு தருகிறேன்.

வழிகாட்டியைப் பற்றி. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்காரர் வழிகாட்டி இல்லாமல் நடக்கக்கூடாது என்று நேபாளத்தில் விதி கொண்டுவந்தார்கள். உன் சிநேகிதர்கள் அதைச் சுமை என்று கதைப்பதாகக் கேள்வி. எனக்கு அது பெரிய ஆறுதல். புறப்பட முன்னர் உங்களைக் கொண்டுபோகிற நிறுவனத்துக்கு எழுதிக் கேள்: ஒருவர் இறங்க வேண்டி வந்தால் அவரோடு இறங்க இரண்டாவது வழிகாட்டி இருக்கிறாரா, சுமைகாரருக்குக் காப்புறுதியும் குளிருடுப்பும் யார் கொடுக்கிறார்கள், அவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள். சுமைகாரர் என்றால் மலைக்கே பிறந்தவர், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பார்கள். பலர் கீழ்க் கிராமங்களில் வயல் செய்கிறவர்கள், எங்களைப் போலத்தான் அவர்களுக்கும் தலையிடிக்கும். 1997இல் ஒரு சுமைகாரப் பெடியனை நோயோடு தனியே கைவிட்டுச் சாகவிட்ட பிறகுதான் அவர்களுக்காக ஒரு சர்வதேச அமைப்பே உண்டானது. 30 கிலோவுக்கு மேல் ஒருவரின் முதுகில் ஏற்றக்கூடாது என்று அவர்கள் சொல்கிறார்கள். உன் பையை 10 கிலோவுக்குள் கட்டு. கணினியைக் கொண்டுபோகாதே.

நடக்கிற வழியில் குருங் ஊர்கள் வரும். ஊரில் கூர்க்கா என்று நாங்கள் சொன்ன ஆட்கள் அந்த மலைகளில் இருந்து போனவர்கள்தான். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குள் வந்த இந்தியப் படையில் அந்த முகங்களும் இருந்தன. நான் டென்மார்க் வரமுன் கண்ட கடைசிக் காட்சிகளில் அதுவும் ஒன்று. அதை இவ்வளவு காலமும் உங்களுக்கு நான் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. ஆனால் உன்னைக் கையில் பிடித்துக் கணவாய் ஏற்றப்போகிற பெடியன் அன்றைக்குப் பிறந்தேயிருக்கமாட்டான். அவனைத் தம்பி என்று நினை, அவனோடு ஒன்றாக இருந்து சாப்பிடு. சம்பளத்தில் பேரம் பேசாதே. அவன் இறங்கு என்றால் இறங்கு.

காப்புறுதி பற்றிச் சுருக்கமாக. கையில் இருக்கிற நீலச் சுகாதாரக் காப்புறுதி அட்டை ஐரோப்பாவுக்குத்தான், நேபாளத்தில் அது வெறும் அட்டை. தனியாக எடுக்கிற பயணக் காப்புறுதியில் எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் என்று வாசித்துப் பார், ஹெலிகொப்டர் இருக்கிறதா என்றும் பார். தேவையில்லாமல் ஹெலிகொப்டர் கூப்பிட்டுக் காப்புறுதியில் காசு பார்த்த கூட்டங்களை 2018இல் நேபாள அரசே விசாரித்தது. ஆகவே அவசர இலக்கத்தை நீயே எழுதி வைத்திரு, நீயே கதை. கத்மண்டுவில் டென்மார்க் தூதரகம் இப்போது இல்லை, 2017இல் மூடிவிட்டார்கள். வெளிநாட்டமைச்சின் பயணிகள் பதிவில் பெயரைப் போட்டுவிட்டுப் போ.

சரி. இப்போது நான் நினைக்கிற மற்ற வழியைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே முடிவெடு.

கணவாயை விடு. அது எங்கேயும் போகாது, இன்னொரு வருஷம் நாள் கூட எடுத்துக்கொண்டு போகலாம். இந்த முறை பொகராவிலிருந்து கிராமங்களுக்குள்ளால் நட. காந்த்ருக் 2,000 மீட்டர், கற்பலகை வேய்ந்த குருங் வீடுகள். அன்னபூர்ணாப் பாதுகாப்புத் திட்டத்தை 1986இல் அந்த ஊரில்தான் தொடங்கினார்கள், நீ கட்டுகிற அனுமதிக் காசு அந்த மலையூர்களுக்குத் திரும்பிப் போகிறது. அங்கிருந்து தாடாபானி, கோரேபானி. பூன்ஹில்லில் விடிய ஏறினால் தௌலகிரியும் அன்னபூர்ணாவும் சிவந்து வருவதைப் பார்க்கலாம், 3,210 மீட்டர், சிவனொளிபாதமலையைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர்தான் கூட. கணவாயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்று படம் எடுப்பதைவிட இது நிறைவு. பிறகு தாதோபானிக்கு இறங்கு. 1,200 மீட்டர், வெந்நீர் ஊற்றில் காலை வைத்துக்கொண்டு ஒரு நாள் இரு. அங்கிருந்து காளிகண்டகி ஆற்றோடு மேலே. இரண்டு பக்கமும் எட்டாயிரம் மீட்டர் மலைகள். இப்போது ஜீப் ரோட்டு வந்துவிட்டது, புழுதி இருக்கும், ஆனால் மறுகரையில் நடைபாதை குறித்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குக் கிட்டக் காற்று எழும்பும், அதற்கு முன் நடந்து முடி. துகுச்சே, மார்ஃபா. மார்ஃபாவில் வெள்ளை அடித்த வீடுகள், தட்டைக் கூரை விளிம்பெல்லாம் விறகு அடுக்கியிருக்கும், அப்பிள் தோட்டம். பிறகு காக்பேனி, 2,800. அங்கே இரண்டு இரவு படு. பிறகு இடைவழியில் ஓர் இரவு, ஜார்கோட்டில் ஓர் இரவு. அடுத்த நாள் காலையில் ஆறுதலாக நடந்து முக்திநாத்.

நீ சின்னனில் பள்ளிக்கூடத்தோடு ஃபூர் தீவுக்குப் போய் மோலர் மண்ணுக்குள் மீன்முள் பதிந்த கல் பொறுக்கிக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினாய். காளிகண்டகியின் சாளக்கிராமமும் அப்படித்தான், பழைய கடல் ஒன்றில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிர்கள். அந்த மலை ஒரு காலத்தில் கடலுக்குக் கீழே கிடந்தது. உனக்குப் பிடித்த விஷயம் இது. அண்ணாவுக்குப் பிடித்த விஷயமும் அதே கல்தான்.

நேரடியாகவே கேட்கிறேன், மகன். மேலே இருந்து கணவாயால் களைத்து விழுந்து முக்திநாத்துக்குள் வராதே. கீழே இருந்து, ஊர் ஊராகத் தங்கி, உடம்பு பழகப் பழக நடந்து போ. அண்ணாவை இருபது நிமிஷத்தில் கொண்டுபோன தூரத்தை எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் தன் காலால், தலையிடி இல்லாமல், ஒரு கிழமைக்கு மேல் எடுத்து நடந்தான் என்று எனக்கு இருக்க வேண்டும். அங்கே போய் அவர் பேரில் ஒரு கை தண்ணீர் எடுத்துத் தெளி. முழுக்காதே, தெளித்தால் போதும். நீ கோயில் குளம் நம்பாதவன் என்று எனக்குத் தெரியும். நம்ப வேண்டாம், தண்ணீரை மட்டும் தெளி.

இல்லை பெரியம்மா, காசு கட்டிவிட்டேன், கணவாய்தான் என்றால், சரி. அப்படியென்றால் நிறுவனத்தோடு கதைத்து மனாங்கில் இன்னொரு நாளும் கடைசியில் இரண்டு நாளும் கூட்டு. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. இந்த நாட்டில் வருஷத்துக்கு ஐந்து கிழமை லீவு சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மூன்று நாள் உனக்குத் தரமாட்டார்களா? கேட்காமல் இருப்பதும் எங்கள் வீட்டு வியாதிதான்.

நிறைய எழுதிவிட்டேன், கோபிக்காதே. நீ கெட்டிக்காரன், என்னைவிட நிதானமான பிள்ளை. இங்கே குளத்தில் பனி உறைந்த நேரம் மற்றப் பெடியள் எல்லாம் ஓடி இறங்க, நீ மட்டும் கரையில் நின்று தடியால் தட்டிப் பார்த்தாய். அந்தப் பிள்ளைக்கு நான் இவ்வளவு சொல்லத் தேவையில்லை. நீ எந்த வழியால் போனாலும் நன்றாகப் போய்வருவாய், எனக்குச் சந்தேகமே இல்லை. மலைகளை வயிறு நிறையப் பார். நாங்கள் ஒருவரும் காணாததை நீ காணப் போகிறாய், அதில் எனக்கு இருக்கிற பெருமையை எழுத எனக்குத் தெரியவில்லை. வந்து எல்லாப் படத்தையும் பெரிய ரீவியில் போட்டுக் காட்ட வேண்டும், ஒன்றும் விடாமல்.

வருகிற சனிக்கிழமை ஹேர்னிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறோம், உன் பேரில் அர்ச்சனை சொல்லியிருக்கிறேன். வர முடிந்தால் நீயும் வா. கம்பளி மேசு நான்கு சோடி வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல மெரினோ. பருத்தித்துறை வடை சுட்டுத் தகரப் பேணியில் அடைத்துத் தருவேன், வழிகாட்டிப் பெடியனுக்கும் கொடு. கடித உறைக்குள் கொஞ்சக் காசு வைத்திருக்கிறேன். அது கூடுதல் நாட்களுக்கு, கமெராவுக்கு அல்ல.

அங்கே போன் எடுக்கிற இடத்தில் எல்லாம் கொம்மாவுக்கு ஒரு வரி அனுப்பு. நீளமாக எழுத வேண்டாம். தலையிடி இல்லை என்றால் இல்லை என்று எழுது. இருந்தால், இருக்கிறது என்று எழுது.

என்றும் உன்
பெரியம்மா